பேச்சு கேட்கிறது, எண் மட்டும் கேட்கவில்லை: இணையத் தொலைபேசியில் கீபேட் கோளாறைப் பிடிப்பது எப்படி

"தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்கிறது அந்தப் பக்கத்துக் குரல். ஒன்றை அழுத்துகிறோம். சில நொடி அமைதி. மறுபடியும் "தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்." மூன்று முறை இப்படிச் சுற்றவிட்டு, தேர்வு தவறு என்று சொல்லி அழைப்பு துண்டிக்கப்படுகிறது. ஃபைபர் இணைப்போடு வந்த லேண்ட்லைனில் காஸ் சிலிண்டர் பதியப் பார்த்த என் அப்பாவுக்கு இப்படித்தான் நடந்தது. போன் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதுப் போன் வாங்கினார். அதிலும் அதே கதை. பேச்சு இரண்டு பக்கமும் கணீரென்று கேட்டதால், லைனில் கோளாறு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். இணையத் தொலைபேசியில் பேச்சு ஒரு வழியிலும் நாம் அழுத்தும் எண் இன்னொரு வழியிலும் போகலாம். ஒன்று சரியாக இருப்பதை வைத்து மற்றதும் சரி என்று சொல்ல முடியாது. அதனால் கண்ணில் படும் அமைப்பையெல்லாம் மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால், எண் எந்த இடத்தில் தொலைகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். இடம் தெரிந்துவிட்டால், மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஒரே ஓர் அமைப்பாகத்தான் இருக்கும். வீட்டில் சாதாரணப் போனையும் அதை இணையத்தோடு இணைக்கும் ஓர் அடாப்டரையும் வைத்திருப்பவர்களையும், சின்ன அலுவலகத்தில் ஆஸ்டரிஸ்க் போன்ற பி.பி.எக்ஸை (அலுவலகத்தின் உள் இணைப்புகளையும் வெளி லைன்களையும் நடத்தும் மென்பொருளை)ப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒரு பொத்தானுக்குள் என்ன இருக்கிறது

கீபேடில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இரண்டு ஒலிகள் சேர்ந்து எழுகின்றன. படுக்கை வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரு தாழ்ந்த ஒலி: 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். நெட்டு வரிசை ஒவ்வொன்றுக்கும் ஓர் உயர்ந்த ஒலி: 1209, 1336, 1477 ஹெர்ட்ஸ். 5-ஐ அழுத்தினால் 770-உம் 1336-உம் ஒன்றாக ஒலிக்கும். இந்த முறைக்கு டி.டி.எம்.எஃப் என்று பெயர். அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1963 நவம்பரில் பென்சில்வேனியாவில் இதை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது. ஸ்டார், ஹாஷ் பொத்தான்கள் 1968-இல்தான் சேர்ந்தன.

ஒலியைக் கேட்டு எண்ணைக் கண்டுபிடிக்கும் கருவி கொஞ்சம் கறாரானது. இரண்டு ஒலிகளும் ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே பலத்தில், பொதுவாக 40 மில்லிசெகண்டாவது நீடிக்க வேண்டும். அடுத்த எண்ணுக்கு முன்னால் அதே அளவு இடைவெளியும் வேண்டும். அதிர்வெண் 1.5 சதவீதம் வரை பிசகினால் ஏற்றுக்கொள்ளும், 3.5 சதவீதத்தைத் தாண்டினால் தள்ளிவிடும். இவ்வளவு கறார் இல்லையென்றால், நாம் பேசும் பேச்சிலேயே ஏதோ ஓர் எழுத்தை எண் என்று எடுத்துக்கொண்டுவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எண் பயணம் செய்யும் மூன்று வழிகள்

செம்புக் கம்பி லைனில் எண்ணும் பேச்சும் ஒரே ஒலியாகப் போயின. இணையத்தில் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, அந்த ஒலியைப் பேச்சோடு பேச்சாக அப்படியே அனுப்புவது. அமைப்புப் பக்கங்களில் இன்பேண்ட் அல்லது இன்-ஆடியோ என்று இருக்கும். பேச்சு சுருக்கப்படாமல் போனால், அதாவது ஜி.711 கோடெக்கில் (பேச்சைத் தரவாக மாற்றும் முறைக்குக் கோடெக் என்று பெயர்) 64 கிலோபிட் வேகத்தில் போனால், இது வேலை செய்யும். ஜி.729 போல 8 கிலோபிட்டுக்குச் சுருக்கும் கோடெக் வந்தால் சிக்கல். அது மனிதக் குரலுக்கென்றே செய்யப்பட்டது. தொண்டையிலிருந்து வரும் ஒலியின் அமைப்பைக் கணக்கிட்டு அனுப்பி, அந்தப் பக்கம் குரலைத் திரும்பக் கட்டியெழுப்பும். இரண்டு சுத்தமான ஒலிகளை அதனிடம் கொடுத்தால் கரகரவென்று ஏதோ ஒன்றாக ஆக்கிவிடும். நம் காதுக்கு அது பீப் என்றுதான் கேட்கும், ஆனால் அந்தக் கறாரான கருவி ஏற்காது. இணையத்தில் பேச்சு பாக்கெட் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகிறது, அது தொலைந்தாலும் இதே கதிதான். ஒரு பாக்கெட்டில் வழக்கமாக 20 மில்லிசெகண்ட் ஒலி இருக்கும். நடுவில் ஒன்று போனாலே எண் இரண்டாக உடைந்துவிடலாம்.

இரண்டாவது வழி, பேச்சு போகும் அதே பஸ்ஸில் ஒரு துண்டுச்சீட்டையும் கொடுத்து அனுப்புவது. "5 அழுத்தப்பட்டது, இவ்வளவு நேரம்" என்று எழுதிய நாலு பைட் தகவல், பேச்சுப் பாக்கெட்டுகளுக்கு நடுவே தனிப் பாக்கெட்டாகப் போகிறது. ஒலி சுருங்கினாலும் சீட்டில் எழுதியது மாறாது. 2000-இல் ஆர்.எஃப்.சி 2833 என்ற இணையத் தர ஆவணத்தில் வந்த முறை இது, 2006-இல் ஆர்.எஃப்.சி 4733 அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் பல கருவிகளில் இன்னும் 2833 என்ற பழைய எண்ணே இருக்கும். சில அடாப்டர்களில் ஏ.வி.டி என்று போட்டிருப்பார்கள். எல்லாம் ஒன்றுதான். இன்றைக்குப் பெரும்பாலான சேவைகள் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

மூன்றாவது, சிப் இன்ஃபோ (SIP INFO). அழைப்பை இணைக்கவும் துண்டிக்கவும் போகும் சிப் செய்திகள் வழியாகவே எண்ணையும் சொல்லி அனுப்புவது. ஒரே அலுவலகத்துக்குள் உள்ள கருவிகள் நடுவே நன்றாக வேலை செய்யும். வெளியே போகும் லைனில் எதிர்ப்பக்கம் இதைக் கவனிக்காமலே விட்டுவிடுவதும் நடக்கும்.

நீங்கள் ஒரு வழியில் அனுப்பி, அந்தப் பக்கம் வேறொரு வழியில் காத்திருந்தால் எண் காணாமல் போகும். நீங்கள் இரண்டு வழியில் அனுப்பி, அந்தப் பக்கம் இரண்டையும் எடுத்துக்கொண்டால் எண் இரட்டிக்கும். இந்தக் கோளாறுகளில் பெரும்பங்கு இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

முதல் படி: என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணுமே போய்ச் சேரவில்லையா? சில எண்கள் மட்டும் விடுபடுகின்றனவா? ஒன்று இரண்டாகிறதா? யாரும் அழுத்தாமலே எண் விழுகிறதா? வெளியே நாம் அழைக்கும்போதா, வெளியாட்கள் நம்மை அழைக்கும்போதா? எல்லா இடத்துக்கும் இப்படியா, ஒரே ஒரு வங்கிக்கு மட்டுமா?

ஒரே இடத்தில் மட்டும் கோளாறு என்றால் உங்கள் கருவியைத் தொடாதீர்கள். மற்ற இடங்களில் வேலை செய்வதைக் கெடுத்துவிடுவீர்கள். அது போகும் பாதையில் உள்ள சிக்கலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எண் இரட்டிப்பதை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது வேஷம் போட்டுக்கொண்டு வரும். ஒரு நண்பரின் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் "தமிழுக்கு 1" அழுத்தியவர்கள் நேராக பில்லிங் பிரிவுக்குப் போய் விழுந்தார்கள். மெனுவைத் தப்பாக அமைத்துவிட்டதாக நினைத்து அவர் இரண்டு நாள் அதையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். உண்மையில் 1 இரண்டு முறை பதிவாகியிருந்தது. முதல் 1 மொழியைத் தேர்ந்தெடுத்தது. இரண்டாவது 1 அடுத்த மெனுவில் போய் பில்லிங்கைத் தேர்ந்தெடுத்தது. ஓர் எண் மட்டும் கேட்கும் மெனுக்களில் இரட்டிப்பு இப்படித்தான் தெரியும். அதை உறுதிசெய்ய, நீளமான எண் கேட்கும் இடத்தில் 1234 என்று அழுத்தி, 11223344 என்று பதிவாகிறதா பாருங்கள்.

இரண்டாவது படி: கருவி எதுவும் இல்லாமல் ஒரு சோதனை

முதலில் போனைப் பாருங்கள். பழைய மாடல் போன்களின் அடியிலோ பக்கவாட்டிலோ டி, பி என்ற இரண்டு எழுத்துகளோடு ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். பி-யில் இருந்தால் அது பல்ஸ் முறை. டக் டக் என்ற துடிப்புதான் போகும், டோன் போகாது. டி-க்குத் தள்ளுங்கள். சிலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

அப்புறம் அந்த லைனிலிருந்து உங்கள் மொபைலை அழையுங்கள். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, லேண்ட்லைனில் ஒவ்வொரு எண்ணையும் ஒரு நொடி அழுத்துங்கள். என்ன கேட்கிறது?

சுத்தமான பீப் சீராகக் கேட்டால், எண் உங்கள் வீட்டைத் தாண்டி வெளியே வருகிறது. ஒன்றுமே கேட்காவிட்டால், அது பெரும்பாலும் உங்கள் கருவியிலோ உங்கள் சேவையாளரிடமோ தொலைகிறது. கரகரத்த, நடுங்கும் பீப் கேட்டால், இன்பேண்டில் போய் வழியில் எங்கோ சுருக்கப்படுகிறது என்று சந்தேகப்படலாம். முதலில் டிக் என்று ஒரு துண்டு ஒலி, உடனே ஒரு முழு பீப் என்று கேட்டால் அது இரட்டிப்பின் அடையாளம்: அடாப்டர் சீட்டையும் அனுப்பிவிட்டு, ஒலியைப் பேச்சிலிருந்து முழுதாக நீக்கத் தவறியிருக்கிறது. அப்பாவின் லைனில் எனக்குக் கேட்டது கரகரப்புதான். புதுப் போன் வாங்கியும் பயனில்லாமல் போனது ஏன் என்று அப்போதே புரிந்தது.

இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. என் அனுபவத்தில் இதற்குப் பின்னால் வரும் எல்லாப் படிகளையும்விட அதிகம் சொல்லிக்கொடுப்பது இதுதான், தவறவிடாதீர்கள்.

நம்மை அழைப்பவர்களின் எண்தான் நமக்கு வரவில்லை என்றால் இதைத் திருப்பிச் செய்யுங்கள்: மொபைலிலிருந்து உங்கள் ஐ.வி.ஆருக்கு (எண் அழுத்தச் சொல்லும் தானியங்கிக் குரலுக்கு) அழைத்து அழுத்துங்கள். மொபைல் எண்ணை ஒலியாக அனுப்புவதில்லை. நெட்வொர்க்குக்குத் தகவலாகச் சொல்கிறது; ஒலி தேவைப்படும் இடத்தில் நெட்வொர்க் அதை உண்டாக்குகிறது. ஆகவே மொபைலில் அழுத்தினால் வேலை செய்து, ஒரு சில லேண்ட்லைன்காரர்களுக்கு மட்டும் வேலை செய்யவில்லை என்றால், குறை அவர்கள் பக்கத்திலும் இருக்கலாம்.

மூன்றாவது படி: அடாப்டரிலும் போனிலும்

ரூட்டருக்குள் நுழைவதுபோலவே அடாப்டரின் அமைப்புப் பக்கத்தையும் பிரவுசரில் திறக்கலாம். எதையும் தொடுவதற்கு முன்னால், இப்போது இருப்பதை மொபைலில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். லைன் அல்லது எஃப்.எக்ஸ்.எஸ் (போன் செருகும் துளை) பக்கத்தில் டி.டி.எம்.எஃப் என்று தொடங்கும் வரிகள் இருக்கும். சில கருவிகளில் முதல் முன்னுரிமை, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசை கேட்கும். முதலிடத்தில் ஆர்.எஃப்.சி 2833-ஐ வையுங்கள். ஒரே தேர்வு கேட்டால் அதையே தேருங்கள். இரண்டு முறைகளையும் சேர்த்து அனுப்பும் தேர்வு இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டையும் வைப்பதுதான் இரட்டிப்பைக் கொண்டுவருகிறது.

பக்கத்திலேயே பேலோட் டைப் என்று ஓர் எண் இருக்கும், பெரும்பாலும் 101. சீட்டுப் பாக்கெட் எது, பேச்சுப் பாக்கெட் எது என்று பிரித்துக் காட்டும் அடையாளம் அது. 96 முதல் 127 வரை எதுவாகவும் இருக்கலாம், அழைப்பின் தொடக்கத்தில் இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்துகொள்ளும். ஆனால் தான் வைத்திருக்கும் எண்ணிலேயே பிடிவாதமாக நிற்கும் கருவிகளும் உண்டு. சேவையாளர் வேறு எண் சொல்லாதவரை 101-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கோடெக் வரிசை. ஜி.711-இன் ஏ-லா வகை முதலில் இருக்கட்டும். இந்தியத் தொலைபேசி வலையில் வழங்குவது அதுதான். இன்றைய ஃபைபர் வேகத்தில் ஓர் அழைப்புக்கு 64 கிலோபிட் ஒரு சுமையே இல்லை.

எண்கள் எப்போதாவது மட்டும் விடுபட்டால் ஒலி அளவைப் பாருங்கள். மைக் பலத்தை மிகவும் ஏற்றி வைத்திருந்தால் ஒலியின் உச்சி வெட்டுப்பட்டு, இரண்டு சுத்தமான ஒலிகள் கலங்கிவிடும். இயல்பு நிலைக்குக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், சேமித்து, அடாப்டரை அணைத்துப் போட்டு, மொபைல் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஒரே மூச்சில் நாலு மாற்றம் செய்து சரியாகிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த முறை கெடும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபைபர் மோடத்திலேயே போன் துளை இருக்கும் வீடுகளில் இந்தப் பக்கம் பூட்டியிருக்கக்கூடும். உடைத்து நுழைய முயல வேண்டாம். நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

நான்காவது படி: பி.பி.எக்ஸ் இருந்தால்

ஆஸ்டரிஸ்கின் சிப் பகுதியான பிஜேசிப் அமைப்பில் ஒவ்வொரு எண்ட்பாயிண்டுக்கும் (அதாவது இணையும் ஒவ்வொரு போனுக்கும் லைனுக்கும்) டி.டி.எம்.எஃப் மோட் என்ற வரி உண்டு. எதுவும் எழுதாவிட்டால் அது 4733 முறையை எடுத்துக்கொள்ளும். எதிர்ப்பக்கம் சிலசமயம் அந்த முறையைத் தராது என்று தெரிந்தால் ஆட்டோ என்று வைக்கலாம். 4733 கிடைக்காதபோது இன்பேண்டுக்கு மாறிக்கொள்ளும். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் பல, சான்_சிப் என்ற முந்தைய சிப் பகுதியின் காலத்தவை. 21-ஆம் பதிப்பிலிருந்து அதையே நீக்கிவிட்டார்கள், ஆகவே அந்த வரிகளை அப்படியே ஒட்டாதீர்கள்.

எதைப் பதிவுசெய்வது என்று சொல்லும் லாகர் கோப்பில் கன்சோல் வரியின் கடைசியில் டி.டி.எம்.எஃப் என்ற சொல்லைச் சேர்த்து லாகரை மறுபடி ஏற்றினால், ஒவ்வொரு எண்ணும் தொடங்கும்போதும் முடியும்போதும் திரையில் ஒரு வரி விழும். எந்தச் சேனலில், அதாவது அழைப்பின் எந்தப் பக்கத்தில் வந்தது, எத்தனை மில்லிசெகண்ட் நீடித்தது என்பதும் அதில் இருக்கும். இப்போது அழைத்து 1234 அழுத்துங்கள். உள்ளே வரும் சேனலிலேயே வரி விழவில்லையா, எண் உங்களிடம் வந்துசேரவே இல்லை. உள்ளே விழுந்து வெளியே போகும் பக்கத்தில் தொலைகிறதா, ட்ரங்க் (வெளி லைன்) பக்கத்து முறையைப் பாருங்கள். இரண்டு முறை விழுகிறதா, இரட்டிப்பு. இவ்வளவுதான், ஊகத்துக்கே இடமில்லை.

யாரும் அழுத்தாமல் எண் விழுந்தால், இன்பேண்ட் முறையில் யாரோ ஒருவரின் குரலைக் கருவி எண் என்று எடுத்துக்கொள்கிறது. எண் விடுபடுகிறது என்பதற்காகக் கண்டுபிடிப்பானைத் தளர்த்தி வைக்கும் அமைப்பைப் போட்டிருந்தீர்களானால், அதுதான் காரணமாக இருக்கும். முன்னால் சொன்ன கறார் எதற்கு என்பது இங்கே தெரியும்.

ஐந்தாவது படி: பாக்கெட்டையே பார்ப்பது

இதற்கு, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருள் போதும். அழைப்பைப் பிடித்து, முதலில் சிப் செய்தியில் இரண்டு பக்கமும் டெலிஃபோன்-ஈவென்ட் என்ற வரியைச் சொல்லியிருக்கின்றனவா பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சொல்லியிருந்தால் கோளாறு அங்கேயே அகப்பட்டுவிட்டது. வரிக்குப் பின்னால் 8000 என்று வழக்கமாக இருக்கும், நேரத்தை நொடிக்கு 8000 பங்காக எண்ணுவது என்று பொருள். ஓபஸ் கோடெக் வரும் அழைப்புகளில் 48000 என்றும் சேர்ந்து வரும். ஒரு பக்கம் 8000, மறுபக்கம் 48000 மட்டும் என்று நின்றால் ஒத்துப்போகாது.

அடுத்து rtpevent என்று வடிகட்டுங்கள். ஓர் எண்ணுக்குப் பல பாக்கெட்டுகள் இருக்கும், பயப்பட வேண்டாம். எல்லாவற்றிலும் நேரக்குறி ஒன்றாகவே இருக்க வேண்டும். நீளம் மட்டும் 160, 320, 480 என்று வளர்ந்துகொண்டே போகும். 8000 கணக்கில் 160 என்றால் 20 மில்லிசெகண்ட். "முடிந்தது" என்று சொல்லும் கடைசிப் பாக்கெட் மூன்று முறை வரும். வழியில் ஒன்று தொலைந்தாலும் மற்றது போய்ச் சேரட்டும் என்பதற்காகத்தான் அது. அதை இரட்டிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே அழுத்தலுக்கு நேரக்குறி நடுவில் மாறினால் அதுதான் கோளாறு, எதிர்ப்பக்கம் இரண்டு அழுத்தல் என்று எடுத்துக்கொள்ளும். நீளம் 320-லேயே நின்றுவிட்டால் 40 மில்லிசெகண்ட்தான் போயிருக்கிறது, விளிம்பில் நிற்கிறது. வேகமாக எண்களைக் கொட்டும் ஸ்பீட் டயலில் இப்படி ஆகலாம். நீளத்தை 100 மில்லிசெகண்ட் அளவுக்கு ஏற்றிப் பாருங்கள்.

சிப் இன்ஃபோ முறையில் எண்கள் தொலைந்தால், ரூட்டரில் சிப் ஏ.எல்.ஜி என்ற வசதியை அணைத்துப் பாருங்கள். போகும் சிப் செய்திகளைத் திருத்தப் போய்க் கெடுத்துவிடும் ரூட்டர்கள் உண்டு.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லாகிலும் பாக்கெட் பதிவிலும் அழுத்திய எண்கள் அப்படியே தெரியும். வங்கியின் ரகசிய எண்ணையோ கார்டு எண்ணையோ அழுத்திச் சோதிக்காதீர்கள். 1234 போன்ற எண்கள் போதும். அலுவலகத்தில் இப்படிப் பதிவைத் திறந்து வைத்திருக்கும்போது சக ஊழியர் ஒருவர் தன் வங்கியை அழைக்கலாம். அதனால் சோதனை முடிந்ததும் அந்தச் சொல்லை லாகர் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, பதிவுகளையும் அழித்துவிடுங்கள்.

சேவையாளரிடம் என்ன சொல்வது

அப்பா முதலில் கொடுத்த புகார் "நம்பர் அழுத்தினால் வேலை செய்யவில்லை" என்பது. சேவையாளரின் ஆள் அழைத்துப் பேசிப் பார்த்தார், பேச்சு கேட்டது, "லைன் நன்றாக இருக்கிறது" என்று புகாரை மூடிவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை; சொன்ன புகாருக்குச் செய்யக்கூடிய சோதனையை அவர் செய்தார். இரண்டாம் முறை நான் இப்படி எழுதினேன்:

"பேச்சு இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது. வெளியே போகும் அழைப்பில் டி.டி.எம்.எஃப் மட்டும் போய்ச் சேரவில்லை. இரண்டு போன்களில் சோதித்தோம், இரண்டும் டோன் முறையில்தான் உள்ளன. மொபைலுக்கு அழைத்து அழுத்தினால் டோன் கரகரத்துக் கேட்கிறது. மூன்று வெவ்வேறு ஐ.வி.ஆர்களில் இதே நிலை. இன்று காலை 10.15-க்கும் 10.20-க்கும் செய்த அழைப்புகளைப் பாருங்கள். இந்த போர்ட்டில் டி.டி.எம்.எஃப் இன்பேண்டில் இருக்கிறதா, ஆர்.எஃப்.சி 2833-இல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும்."

அழைப்பு நேரத்தைக் குறிப்பிடுவது முக்கியம், அவர்கள் பக்கத்துப் பதிவில் தேடிப் பிடிக்க அதுதான் உதவும். இந்தப் புகார் அமைப்பை மாற்றக்கூடிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது. அவர் தூரத்திலிருந்தே முறையை மாற்றிவிட்டு மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்.

மாற்றிய பிறகு ஒரே ஓர் எண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நீளமான எண் ஒன்றை வேகமாகவும் ஒரு முறை, நிதானமாகவும் ஒரு முறை அழுத்துங்கள். ஸ்டாரையும் ஹாஷையும் தனியாகச் சோதியுங்கள். அழைப்பை இன்னொருவருக்கு மாற்றிவிட்ட பின்னும் எண் போகிறதா பாருங்கள், ஏனென்றால் மாற்றும்போது பாதையே மாறக்கூடும். வாசல் கதவு போனில் எண் அழுத்திக் கதவைத் திறக்கும் வசதி இருந்தால் அதையும் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.